பதிமூன்றுக்கு முந்தைய வசனங்கள்

எழுத்துகள் மங்கலாகத் தெரிந்தன என்றுதான் முதலில் எல்லோரிடமும் சொன்னேன். அது உண்மையில்லை. எழுத்துகள் மிகத் தெளிவாகத் தெரிந்தன. கறுப்பு மை, மெல்லிய தாள், கொம்பு, சுழி, புள்ளி எல்லாம் அதனதன் இடத்தில் இருந்தன. அவற்றுக்குச் சத்தம் மட்டும் இல்லை. தெருவில் எதிரே வரும் ஒருவரை நன்றாகத் தெரியும், ஆனால் பெயர் வாயில் வராது என்போமே, ஒரு பக்கம் முழுக்க அப்படி இருந்தது.

என் பெயர் சுகிர்தம். வயது ஐம்பத்து மூன்று. வீடு பாளையங்கோட்டையில். வேலை ஸ்ரீவைகுண்டத்தில் ஓர் அரசு அலுவலகத்தில், நாள் முழுக்கக் கோப்புகளை வாசித்துக் குறிப்பு எழுதும் வேலை. கணவர் சங்கரன், மின்சார அலுவலகத்தில் கம்பத்தில் ஏறத் தொடங்கி லைன் இன்ஸ்பெக்டராக ஓய்வு பெற்றவர். அவர் சைவக் குடும்பம். எங்கள் கல்யாணத்துக்கு இரண்டு வீட்டாரும் வரவில்லை. இருபத்தாறு வருடங்களில் அவர் என் வேதாகமத்தைத் திறந்ததில்லை, நான் அவர் நெற்றியில் இருக்கும் திருநீற்றைப் பற்றி ஒரு வார்த்தை பேசியதில்லை. பேசி வைத்துக்கொண்டதல்ல, அப்படியே அமைந்துவிட்டது.

புதன்கிழமைதோறும் எங்கள் ஆலயத்தில் பெண்களுக்கு நான் வேதபாடம் நடத்துவேன். அதற்காக ஒரு நோட்டு வைத்திருந்தேன். இடது பக்கம் எபிரெய வேதம், அதாவது நாங்கள் பழைய ஏற்பாடு என்று சொல்வது. வலது பக்கம் இயேசுவின் வாழ்க்கையைச் சொல்லும் சுவிசேஷம். இந்த வசனம் அந்த வசனத்தில் நிறைவேறுகிறது என்று இரண்டுக்கும் நடுவே பென்சிலால் கோடு இழுப்பேன். கோடு இல்லாத இடங்களில் நான் அதிக நேரம் நின்றதில்லை என்பது இப்போதுதான் புரிகிறது.

அன்று செவ்வாய்க்கிழமை. மறுநாள் பாடம் மாற்கு ஏழாம் அதிகாரம். அதில் இயேசு ஏசாயா தீர்க்கதரிசியின் வார்த்தையை எடுத்துச் சொல்லும் இடம் வருகிறது. இந்த ஜனங்கள் உதட்டால் என்னை மதிக்கிறார்கள், இவர்கள் மனசோ எங்கேயோ இருக்கிறது என்கிற வார்த்தை. ஏசாயாவில் அது இருபத்தொன்பதாம் அதிகாரம், பதின்மூன்றாம் வசனம். ஐந்தாறு தடவை நடத்திய பாடம்தான். காலைக் காபியைக் குடித்துவிட்டு வேதாகமத்தைத் திறந்தேன். சத்தம் வரவில்லை.

கண்ணாடியைத் துடைத்தேன். நாள்காட்டியைப் பார்த்தேன். பால் பாக்கெட்டைப் பார்த்தேன். தினமும் வாங்கும் பால், நீல நிற எழுத்து. ஒன்றும் சொல்லவில்லை. பயத்தில் பேனாவை எடுத்து நோட்டில் என் பெயரை எழுதினேன். கை எந்தத் தடையும் இல்லாமல் எழுதிவிட்டது. அப்பாடா என்று அதைப் பார்த்தேன். நான் அப்போதுதான் எழுதியதை என்னால் வாசிக்க முடியவில்லை.

இதைப் படிக்கிறவர்களுக்காக ஒன்றைச் சொல்லியாக வேண்டும். நான் செய்த தப்பு, அதை மறைத்தது. கண்ணாடி மாற்ற வேண்டும் போலிருக்கிறது என்று மட்டும் கணவரிடம் சொன்னேன். அலுவலகத்துக்கு லீவு சொல்லிவிட்டுப் படுத்துக்கொண்டேன். மத்தியானம் சாப்பிட எழுந்தபோது கதவின் வலது நிலையில் தோள் இடித்தது. திரும்பி வரும்போது மறுபடியும் இடித்தேன். அவர் என்னைப் பார்த்துக்கொண்டே இருந்தார்.

"ஏளா, கிளம்பு. கண்ணாடிக் கடைக்குப் போவோம்" என்றார்.

கடைக்காரர் என்னை உட்காரவைத்து எதிரே எழுத்துப் பலகையை மாட்டினார். ஓர் எழுத்தும் சொல்ல முடியவில்லை. பிறகு படம் போட்ட பலகையை மாட்டினார். குடை, வீடு, மீன் எல்லாவற்றையும் சொன்னேன், அடிவரிசையில் இருந்த சின்னப் படங்களைக்கூட. அவர் பலகையைக் கழற்றிவிட்டு என் கணவரிடம் திரும்பினார்.

"அண்ணாச்சி, இது கண்ணாடி விசயம் இல்ல. கண்ணு நல்லாத்தான் பாக்குது. உடனே நரம்பு டாக்டர்ட்ட காட்டுங்க. வீட்டுக்குப் போய்ட்டுப் போவோம்னு நினைக்காதிய."

இப்படித்தான் மருத்துவமனைக்குப் போனேன். தலையை ஸ்கேன் செய்தார்கள். பிறகு காந்த ஸ்கேன். குழாய் போன்ற ஒன்றுக்குள் படுக்கவைத்து அசையாதே என்றார்கள். உள்ளே யாரோ தகரத்தில் சுத்தியலால் அடிப்பது போன்ற சத்தம். வேதாகமத்தில் ஆண்டவரை மேய்ப்பனாகப் பாடும் சங்கீதத்தை மனதுக்குள் சொல்லத் தொடங்கினேன். ஒரு வார்த்தை பிசகாமல் முழுக்க வந்தது. ஆறுதலாக இருந்திருக்க வேண்டும். எனக்குக் குழப்பம்தான் கூடியது. சங்கீதம் உள்ளேதான் இருக்கிறது. எழுத்து வெளியே இருக்கிறது. நடுவில் எது போய்விட்டது?

அதற்கு டாக்டரம்மா பதில் சொன்னார். சின்ன உருவம், சிரிக்காத முகம், எதையும் இரண்டு தடவை சொல்லும் பொறுமை. "இது பக்கவாதம்மா" என்றார்.

நான் கையைத் தூக்கிக் காட்டினேன். காலை ஆட்டிக் காட்டினேன். "கை கால் எல்லாம் நல்லா இருக்கே டாக்டர்."

"கை காலுக்கு வந்தாத்தான் பக்கவாதம்னு நினைக்காங்க. உங்களுக்குப் பின்மூளைல, இடது பக்கம். கண்ணு பார்க்கிறதை வாங்கி வைக்கிற இடம் அது. அதுக்கு ரத்தம் கொண்டு போற குழாயில ஒரு ரத்தக்கட்டி போய் அடைச்சிருக்கு. அதனால வலது பக்கம் உள்ளது உங்களுக்குத் தெரியல. இடது பக்கம் தெரியுது, ஆனா அங்க பார்த்த எழுத்தை மொழி இருக்கிற இடத்துக்குக் கொண்டு போற பாதையும் அறுந்திருக்கு. எழுதுறதுக்கு வேற பாதை. அது நல்லா இருக்கு."

ஒரு தாளைக் கொடுத்து ஏதாவது எழுதச் சொன்னார். எழுதினேன். சற்று நேரம் என் ஊர், வேலை என்று பேசிக்கொண்டிருந்துவிட்டு அந்தத் தாளை என் முன்னால் நீட்டினார். என்ன எழுதினோம் என்று நினைவில்லை, வாசிக்கவும் முடியவில்லை. என் கணவர் தாளை வாங்கி வாசித்தார். "'நான் வீட்டுக்குப் போக வேண்டும்'னு எழுதியிருக்கா டாக்டர்" என்றார். கண்ணாடியைக் கழற்றித் துடைக்கத் தொடங்கினார். அதில் தூசி எதுவும் இல்லை.

கட்டியைக் கரைக்கும் ஊசி ஒன்று உண்டு. ஆரம்பித்த சில மணி நேரத்துக்குள் போட்டால்தான் பலன். எனக்கு அந்த நேரம் தாண்டியிருந்தது. காலையில் பால் பாக்கெட்டைப் பார்த்தபோதே வாய் திறந்து சொல்லியிருந்தால் என்று டாக்டரம்மா சொல்லவில்லை. நானாகவே சொல்லிக்கொள்கிறேன், இன்றுவரை.

கட்டி எங்கிருந்து வந்தது என்று தேடினார்கள். நெஞ்சில் ஒயர்களை ஒட்டி, இடுப்பில் ஒரு சின்னப் பெட்டியைக் கட்டி, ஒருநாள் முழுக்க இதயத் துடிப்பைப் பதிவு செய்தார்கள். என் இதயம் அவ்வப்போது தாளம் தப்பித் துடிக்கிறதாம். அப்போது உள்ளே ரத்தம் தேங்கிக் கட்டியாகி, ஒரு துண்டு தலைக்கு ஏறிவிட்டதாம். இனிமேல் ஆயுள் முழுக்க ரத்தம் உறையாமல் இருக்க மாத்திரை. நான் அறியாமலேயே எனக்குள் தாளம் தப்பிக்கொண்டிருந்தது என்பதை நினைக்க நினைக்க, எதை நம்புவது என்று தெரியாமல் போனது.

சாப்பாடு வரும்போது தட்டில் இடது பாதியை மட்டும் தின்றுவிட்டுப் போதும் என்பேன். வலது பாதியில் இட்லி இருப்பதே தெரியாது. அவர் தட்டைப் பைய அரைவட்டம் திருப்பி வைப்பார். திடீரென்று இன்னும் இரண்டு இட்லி வந்திருக்கும். இரண்டு நாள் கழித்துத்தான் அவர் திருப்பி வைக்கிறார் என்பதே எனக்குத் தெரிந்தது.

ஐயரம்மா, அதாவது எங்கள் ஆலய குருவானவரின் மனைவி, பார்க்க வந்தார்கள். கையைப் பிடித்துக்கொண்டு ஜெபம் செய்தார்கள். "காரணம் இல்லாம ஆண்டவர் ஒண்ணும் செய்ய மாட்டாருக்கா. நீங்க எந்திரிச்சு வந்து சாட்சி சொல்லத்தான் போறீங்க" என்றார்கள். அன்பாகத்தான் சொன்னார்கள். அவர்கள் போன பிறகு அந்த ஒரு வார்த்தை என்னை விடவில்லை. என்ன காரணம்? வாழ்நாளெல்லாம் அவருடைய புத்தகத்தை வாசித்தவளிடமிருந்து வாசிப்பை எடுப்பதற்கு என்ன காரணம் இருக்க முடியும்?

மூன்றாம் நாள் மத்தியானம், கட்டிலின் பக்கத்துப் பெட்டியிலிருந்து வேதாகமத்தை எடுத்து என் கணவரிடம் நீட்டினேன். ஏன் செய்தேன் என்று தெரியாது. செவ்வாய்க்கிழமை பாதியில் நின்றுபோன பாடம் மனதில் முள்ளாக இருந்திருக்கலாம்.

"வாசிக்கணுமா? நானா?" என்றார்.

"ஏசாயா. இருபத்தொன்பதாம் அதிகாரம். பதிமூணாம் வசனம்."

பொருளடக்கத்தைப் பார்த்து, விரலால் வரிசையாகத் தேடி, இடத்தைக் கண்டுபிடித்தார். விரலை அங்கிருந்து மேலே நகர்த்தி முதல் வசனத்தில் வைத்தார்.

"முன்னால என்ன நடந்துச்சுன்னு தெரியாம நடுவுல இருந்து எப்பிடி வாசிக்க? மேல இருந்தே வாசிக்கேன்."

எனக்குப் பொறுமை இல்லை. ஆனால் வாசிப்பவர் அவர். முதல் வசனத்திலிருந்து, மீட்டர் கணக்கை உரக்கச் சொல்வது போல, எந்த வார்த்தைக்கும் அழுத்தம் கொடுக்காமல் வாசித்தார். ஒரு நகரம். அதைச் சுற்றிப் பகைவர் கூட்டம். குடிக்காமலேயே தள்ளாடுகிற ஜனங்கள். பிறகு பத்தாம் வசனம்: ஆண்டவர் அவர்கள்மேல் ஆழ்ந்த தூக்கத்தை ஊற்றி, அவர்களுடைய கண்களை மூடிவிட்டார் என்று வந்தது. பதினொன்று: முத்திரை போட்ட ஒரு புத்தகத்தை வாசிக்கத் தெரிந்தவனிடம் கொடுக்கிறார்கள். முத்திரை போட்டிருக்கிறது, என்னால் முடியாது என்கிறான். பன்னிரண்டு: அதையே வாசிக்கத் தெரியாதவனிடம் கொடுக்கிறார்கள். எனக்கு வாசிக்கத் தெரியாது என்கிறான்.

அவர் நிறுத்தினார். நான் எழுந்து உட்கார்ந்துவிட்டேன்.

ஐந்தாறு தடவை இந்த அதிகாரத்தை நடத்தியிருக்கிறேன். பதின்மூன்றாம் வசனத்துக்குக் கோடு போட்டிருக்கிறேன், மாற்கு ஏழுக்கு. செவிடர் கேட்பார்கள், குருடர் பார்ப்பார்கள் என்று சொல்லும் பதினெட்டாம் வசனத்துக்கும் கோடு போட்டிருக்கிறேன். பத்து, பதினொன்று, பன்னிரண்டை என் கண் தாண்டிப் போயிருக்கிறது. அவற்றைச் சுவிசேஷம் எடுத்துச் சொல்லவில்லை, அதனால் எனக்கும் தேவைப்படவில்லை.

"உன்னையப் பத்தி எழுதுன மாதிரில்லா இருக்கு" என்றார் அவர். பிறகு மறுபடி மேலே பார்த்தார். "கண்ணை மூடுனது யாரு? சாமியா?"

"ஆமா."

"எதுக்கு?"

"கோபம்."

"யாரு மேல?"

"எருசலேம் ஜனங்க மேல. அந்தக் காலத்துல."

"சரி. உன் மேல என்ன கோபம்?"

புதன்கிழமைப் பாடமாக இருந்திருந்தால் ஏதாவது சொல்லியிருப்பேன்.

அந்த ஆழ்ந்த தூக்கத்துக்கு எபிரெயத்தில் தர்தேமா என்று ஒரு சொல். என் நோட்டில் எப்போதோ எழுதி வைத்திருக்கிறேன். ஆதாமின் விலா எலும்பை எடுப்பதற்குமுன் ஆண்டவர் அவனுக்கு வரவைத்த தூக்கத்துக்கும் அதே சொல்தான். அங்கே அது ஒன்றைக் கொடுப்பதற்கான தூக்கம். இங்கே தண்டனை. என் மண்டைக்குள் விழுந்தது எந்தத் தூக்கம்? இல்லை, இரண்டும் இல்லாமல், தாளம் தப்பிய ஓர் இதயத்திலிருந்து கிளம்பிய ஒரு துண்டு ரத்தம் மட்டும்தானா? டாக்டரம்மா சொன்னதில் ஆண்டவர் வரவே இல்லை. ஐயரம்மா சொன்னதில் ரத்தக்குழாய் வரவில்லை. நான் இரண்டையும் நம்பினேன். இரண்டையும் ஒரே நோட்டில் எப்படி எழுதுவது என்று தெரியவில்லை.

மாற்கு எட்டாம் அதிகாரத்தை எடுக்கச் சொன்னேன். பெத்சாயிதா ஊர்க் குருடனின் கதை. இயேசு அவன் கண்ணில் உமிழ்ந்து கையை வைத்து, ஏதாவது தெரிகிறதா என்று கேட்கிறார். மனிதர்கள் தெரிகிறார்கள், மரங்கள் நடக்கிற மாதிரி இருக்கிறது என்கிறான். மறுபடி தொடுகிறார். அப்புறம்தான் தெளிவாகிறது.

"மொதத் தடவ தொட்டும் சரியா வரலியா?" என்று ஆச்சரியப்பட்டார் என் கணவர். "நான் என்னமோ அவரு தொட்டா ஒடனே ஆயிரும்னுல்லா நினைச்சேன். எங்க வேலை மாதிரி இருக்கே. லைன் இழுத்துட்டுக் கீழ எறங்குனா ரெண்டு வீட்டுக்குக் கரண்டு வந்திருக்கும், நாலு வீட்டுக்கு வந்திருக்காது. திரும்ப ஏறணும்."

மருத்துவமனையில் நான் சிரித்தது அப்போதுதான். சிரித்துக்கொண்டே அழுதேன். அங்கே கண்ணை மூடுகிறவரும், இங்கே இரண்டு தடவை தொட்டுத் திறக்கிறவரும் ஒருவர்தானா? ஒருவர்தான் என்று நாற்பது வருடமாகச் சொல்லியிருக்கிறேன். சொல்லும்போது இது எவ்வளவு பெரிய பேச்சு என்று தெரியாமலே சொல்லியிருக்கிறேன்.

ஆறாம் நாள் வீட்டுக்கு அனுப்பினார்கள். பேச்சுப் பயிற்சி தரும் ஒரு பெண்ணிடம் வாரம் இரண்டு நாள் போனேன். அவர் ஒரு வழி சொல்லிக்கொடுத்தார். கண் கொண்டு போகாததை விரல் கொண்டு போகும். எழுத்தைப் பார்த்து, அதன் வளைவை உள்ளங்கையில் விரலால் வரைய வேண்டும். வரைந்து முடிக்கும்போது சத்தம் வந்துவிடும். ஒரு வார்த்தைக்கு ஒரு நிமிடம் ஆனது. ஒரு வசனத்துக்குள் காபி ஆறிவிடும். வலது பக்கம் இன்னும் முழுதாகத் திரும்பவில்லை, திரும்பாமலும் போகலாம் என்கிறார் டாக்டரம்மா. அலுவலகத்துக்கு விடுப்பை நீட்டித்திருக்கிறேன். அந்தக் கோப்புகளிடம் மறுபடி போக முடியுமா என்பது யாருக்கும் தெரியாது.

மெதுவாக வாசிப்பதில் ஒன்று நடக்கிறது. நோட்டின் இடது பக்கத்தைவிட்டு வலது பக்கத்துக்கு ஓட முடிவதில்லை. ஏசாயாவின் அந்த நகரத்திலேயே பல நாள் இருந்தேன். அவர்களுக்கு அவர்களுடைய பயம், அவர்களுடைய முற்றுகை. என் பென்சில் கோட்டுக்காக அவர்கள் காத்திருக்கவில்லை. இதை நல்லது என்று சொல்லத் தோன்றுகிறது. ஆனால் யாராவது வந்து, இதற்காகத்தான் உனக்கு நோய் வந்தது என்று சொன்னால் கோபம் வருகிறது.

ஐந்து மாதம் கழித்து ஒரு புதன்கிழமை ஆலயத்துக்குப் போனேன். பதினைந்து பெண்கள் இருந்தார்கள். ஐயரம்மா என்னைச் சாட்சி சொல்லச் சொன்னார்கள். சாட்சி என்றால் ஆண்டவர் எனக்கு என்ன செய்தார் என்று சொல்ல வேண்டும். எழுந்து நின்றேன்.

"முழுசா சுகமாகல. எதுக்கு வந்துச்சுன்னும் தெரியல" என்று தொடங்கினேன். ஏசாயாவில் கண்ணை மூடுகிறவரைப் பற்றியும், ஒரே புத்தகத்தைக் கையில் வாங்கிய இரண்டு பேரைப் பற்றியும், மாற்கில் இரண்டு தடவை தொடுகிறவரைப் பற்றியும் சொன்னேன். "இந்த ரெண்டுக்கும் நடுவுல எங்க கோடு போடணும்னு எனக்கு இப்பத் தெரியல. தெரியாம நிக்கேன். அவ்வளவுதான்."

யாரோ ஒருவர் தயக்கமாக ஸ்தோத்திரம் என்றார். இதற்கு ஸ்தோத்திரம் சொல்லலாமா என்ற சந்தேகம் அந்தக் குரலிலேயே இருந்தது. ஐயரம்மா பாட்டுப் புத்தகத்தை எடுத்தார்கள். அப்போது முன்வரிசையிலிருந்து பொன்னுத்தாய் அக்கா பேசினார். மார்க்கெட்டில் வாழை இலைக் கடை வைத்திருப்பவர், அறுபது வயதிருக்கும். பன்னிரண்டு வருடமாக ஒரு புதன்கூடத் தவறாமல் வருகிறவர்.

"எனக்கும் அப்பிடித்தாம்மா" என்றார்.

"உங்களுக்கும் பக்கவாதமாக்கா?" என்று ஐயரம்மா பதறினார்கள்.

"அதெல்லாம் இல்ல. எனக்கு வாசிக்கவே தெரியாது." மடியில் விரித்திருந்த வேதாகமத்தைக் கொஞ்சம் தூக்கிக் காட்டினார். "பக்கத்துல உள்ளவுக எத்தாம் பருமனுக்குத் தாளைத் தள்ளித் திறக்காகளோ, அத்தாம் பருமனுக்கு நானும் திறந்து வச்சுக்கிடுவேன்."

ஆளுக்கொரு வசனம் வாசிக்கச் சொல்வது என் வழக்கம். அவர் முறை வரும்போதெல்லாம் இருமல் வரும், அல்லது கண்ணாடியை மறந்து வந்திருப்பார். நான் அடுத்தவரைக் கைகாட்டிவிட்டுப் போயிருக்கிறேன். பன்னிரண்டு வருடம் அவருக்கு எதிரே நின்றிருக்கிறேன்.

"தெரியாதுன்னு ஒரு ஆளு சொன்னான்னியளே" என்று அவர் கேட்டார். "அவன ஆண்டவரு என்ன செஞ்சாரு?"

பன்னிரண்டாம் வசனத்தை மனதுக்குள் சொல்லிப் பார்த்தேன். "ஒண்ணும் செய்யலக்கா. அவன் தெரியாதுன்னு சொல்லுததோட அந்த வசனம் முடிஞ்சிருது."

"வையலியா?"

"அடுத்த வசனத்துலதான் வையுதாரு."

"யாரை?"

"வாயால மட்டும் பேசுதவங்கள."

அவர் யோசித்தார். "அப்ப அது நான் இல்ல" என்றார்.

அறையில் யாரோ சிரித்தார்கள், பிறகு எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். அப்படியென்றால் அது யார் என்ற கேள்வி எனக்குள் வந்து உட்கார்ந்துவிட்டது. இன்னும் எழுந்து போகவில்லை.

ஐயரம்மா தாங்களே வேதாகமத்தைத் திறந்து, வாசிக்கப் போவதாகச் சொன்னார்கள். பொன்னுத்தாய் அக்கா தன் புத்தகத்தை மூடி மடியில் வைத்துக்கொண்டு, கேட்பதற்காக நன்றாக நிமிர்ந்து உட்கார்ந்தார். நான் அவருக்குப் பக்கத்தில் போய் உட்கார்ந்தேன்.